நாற்காலி எறிந்தவளுக்கு ஒரு நோய் வேண்டும்

1.

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

என் தங்கை குழந்தைகள் மருத்துவமனையில் உளவியல் ஆலோசகர். வீட்டில் வேலையைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். எதைக் கேட்டாலும், "அது அந்தப் பிள்ளையோட விஷயம்க்கா" என்பாள். அத்தோடு சரி. அப்படிப்பட்டவள் ஒரு நாள் சாயங்காலம் வந்ததும் வராததுமாகப் பையைச் சோபாவில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஒரு பிள்ளைக்கு நோய் இல்லன்னு எழுதினதுக்கு என்கிட்ட விளக்கம் கேட்டிருக்காங்க."

யார், என்ன, ஏது? ஒன்றும் சொல்லவில்லை. முகம் கழுவப் போய்விட்டாள்.

நோய் இருக்கிறது என்று சொன்னால் மனிதர்கள் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். இல்லை என்று சொன்னதற்குக் கோபப்படுகிறவர்கள் யார்? அவர்களுக்கு அந்த நோய் எதற்கு? இந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. ஆகவே இதில் வரும் பெண், அவள் அம்மா, டாக்டர், பள்ளிக்கூடம் எல்லாம் நான் இட்டுக்கட்டியவை. கோபம் மட்டும் அசல். பாதி தங்கையுடையது. மீதி எழுத எழுத எனக்கே வந்தது.

2.

முதல் தொடக்கம்: "சோகம் ததும்பும் விழிகளோடு அந்தச் சிறுமி அறைக்குள் மெல்ல…"

(நிறுத்திவிட்டேன். நாற்காலியைத் தூக்கி எறிந்த பெண்ணுக்கு எதற்குச் சோகம் ததும்பும் விழிகள்?)

இரண்டாவது: "அவளைப் பார்த்ததுமே ஆலோசகரின் கண்கள் கலங்கின. தன்னை அறியாமல்…"

(தங்கை பின்னால் நின்று படித்துவிட்டாள். "நான் அழுதா அந்தப் பிள்ளைதான் என்னைச் சமாதானப்படுத்தணும். அதுவும் அவ தலையிலயா?" அந்த வரியை அடித்துவிட்டேன்.)

மூன்றாவதைச் சுற்றி வளைக்காமல் எழுதினேன். அது நிலைத்துவிட்டது.

3.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே நாற்காலியைத் தூக்கிக் கரும்பலகையில் எறிந்தாள். பலகை விரிசல் விட்டது. யாருக்கும் அடி இல்லை. மறுநாள் தலைமையாசிரியை அவளுடைய அம்மாவை வரச்சொன்னார்.

அம்மா ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவர். பாதி நாள் விடுப்பு கேட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"உங்க பொண்ணுக்கு மனசுல ஏதோ பிரச்சினை இருக்குங்க" என்றார் தலைமையாசிரியை. குரல் தேனாக இருந்தது. "நாங்க தண்டனை எதுவும் கொடுக்கல. குழந்தைங்க ஆஸ்பத்திரில காட்டி, என்ன நோய்னு ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வந்துடுங்க. அப்புறம் அவளுக்கு ஏத்த மாதிரி வேற பள்ளிக்கூடம் நாங்களே பார்த்துத் தர்றோம்."

அம்மாவுக்கு அந்த வார்த்தைகளில் அன்பு மட்டுமே கேட்டது. 'வேற பள்ளிக்கூடம்' என்பது வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது.

4.

மருத்துவமனையில் இந்தக் கதையின் ஆலோசகரைப் பிள்ளைகள் 'பொம்மை மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அறை முழுக்கப் பொம்மைகள்: கால் போன குதிரை, ஒற்றைக் கண் கரடி, சக்கரம் கழன்ற லாரி. புதிது கேட்டு எழுதிப்போட்டும் வரவில்லை. வளர்ந்த பிள்ளைகள் முதலில் அவற்றைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். சிறிது நேரத்தில் கரடி மடிக்கு வந்திருக்கும்.

* தங்கையின் அறையில் பொம்மைகள் உண்டா என்று எனக்குத் தெரியாது. கேட்டேன். "உனக்கு எதுக்கு?" என்றாள்.

நாற்காலிப் பெண் கரடியைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உனக்கு ஏன் கோபம் வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டார்கள், வீட்டில் கேட்டுவிட்டார்கள், வரும் வழியில் ஆட்டோக்காரர்கூடக் கேட்டுவிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டாலே காது தானாக மூடிக்கொள்ளும் நிலைக்கு அவள் வந்திருந்தாள்.

பொம்மை மிஸ் அதைக் கேட்கவில்லை. இரண்டு சந்திப்பு முழுக்கக் கழன்ற சக்கரத்தை லாரியில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது சந்திப்பில் அந்தப் பெண்ணே பொறுக்கமாட்டாமல் லாரியை வாங்கி மாட்டிக் கொடுத்தாள். அப்போதுதான் கேட்டார்:

"யாருக்காக எறிஞ்ச?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

5.

இந்த இடத்தில் நான் ஒரு பெரிய ரகசியம் வைத்திருந்தேன். செத்துப்போன ஓர் அப்பா. குடிகார மாமா ஒருவர். இருட்டு அறை ஒன்று. மூன்று பக்கம் எழுதி, நன்றாக வந்திருக்கிறது என்று தங்கையிடம் காட்டினேன். படித்து முடித்து அவள் தாள்களை மேஜைமேல் வைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"ஏன்க்கா, அவளுக்கு ஒரு காயத்தைக் கண்டுபிடிச்சாத்தான் கோபப்பட அனுமதி கொடுப்பியா?"

"கதைக்கு ஒரு காரணம் வேணும்ல?"

"அந்தப் பள்ளிக்கூடமும் அதைத்தானே கேக்குது. காரணம் அவளுக்குள்ளதான் இருக்கணும்னு. நீயும் அவங்களும் ஒண்ணா சேர்ந்து தேடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று பக்கமும் குப்பைக்குப் போயின. அந்தப் பெண் உண்மையில் (அதாவது, இனி என் கதையில்) சொன்னது இதுதான்.

அந்தப் பள்ளியில் மதிப்பெண் குறைந்தவர்களைப் பிரித்து 'சிறப்பு வகுப்பு' என்று பெயர் வைத்து, சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் தகரக்கூரைக்குக் கீழே உட்காரவைத்திருந்தார்கள். பாட நேரத்தில் வெளியே போகக் கூடாது என்பது அவர்களுக்கு மட்டும் விதி. போனால் படிப்பு கெட்டுவிடுமாம். அன்று அவள் பக்கத்தில் இருந்த சின்ன உருவமான தோழி பாத்ரூம் போகணும் என்று கேட்டாள். ஆசிரியர் விடவில்லை. மறுபடி கேட்டாள். விடவில்லை. கேட்கிறதை நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நாற்காலிக்குக் கீழே ஈரம் பரவியது.

வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. "உன் துப்பட்டாவாலயே தொடை" என்றார்.

தோழி குனிந்து துடைத்தாள்.

"அவ தொடைச்சிட்டே, சாரி சார் சாரி சார்னு சொன்னா மிஸ்" என்றாள் பெண். "அதான். அந்த சாரிதான் எனக்குத் தாங்கல. என் கையில நாற்காலிதான் இருந்துச்சு."

"ஆசிரியரைப் பார்த்தா எறிஞ்ச?"

"அவரைப் பார்த்து எறிஞ்சிருந்தா பட்டிருக்கும் மிஸ். நான் குறி தப்ப மாட்டேன்."

பொம்மை மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பிறகு, நாற்காலி தப்பு என்பதையும் மறைக்காமல் சொன்னார். அடுத்த தடவை கையில் வேறு என்ன இருக்கலாம் என்று இருவரும் வெகுநேரம் பேசினார்கள். சத்தம் இருக்கலாம். எழுந்து நின்று தோழியைக் கூட்டிக்கொண்டு வெளியே நடப்பது இருக்கலாம். வீட்டில் தூக்கம், சாப்பாடு, பழக்கவழக்கம் எல்லாம் விசாரித்து, செய்ய வேண்டிய சோதனைகள் எல்லாம் செய்து, பொம்மை மிஸ் எழுதினார்: இந்தப் பெண்ணுக்கு நோய் எதுவும் இல்லை. இந்த வகுப்பு நடத்தப்படும் விதத்தை விசாரிக்க வேண்டும்.

6.

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மேஜைமேல் கண்ணாடிக்கு அடியில், அந்தப் பள்ளி நிர்வாகத்தினர் பிள்ளைகள் வார்டுக்குக் கட்டில்கள் கொடுத்தபோது எடுத்த படம் இருந்தது.

"நோய் இருக்கா இல்லையான்னுதான் கேட்டாங்க. வகுப்பைப் பத்தி யார் கேட்டா?"

"நான் கேட்டேன் சார்."

"பாருங்கம்மா, ஒரு பேர் போட்டுக் கொடுத்தா எல்லாருக்கும் நல்லது. பள்ளிக்கூடத்துக்கும் நிம்மதி. அந்தப் பிள்ளைக்கும் சிகிச்சை."

"எதுக்குச் சிகிச்சை சார்? பக்கத்துல இருக்கறவளுக்காகக் கோபப்பட்டதுக்கா?"

விளக்கம் கேட்டு உத்தரவு அன்றைக்கே வந்துவிட்டது. அந்தப் பெண்ணை இனிப் பொம்மை மிஸ் பார்க்கக் கூடாது என்பதும் அதிலேயே இருந்தது. மனநல டாக்டரிடம் மாற்றிவிட்டார்கள்.

எவ்வளவு வசதியான ஏற்பாடு என்று பாருங்கள். ஒரு பிள்ளையின் கோபத்துக்கு மருத்துவப் பெயர் ஒன்று வைத்துவிட்டால், தகரக்கூரையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. துப்பட்டாவைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. தரையைத் துடைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்ட அந்த இன்னொரு பிள்ளை நடக்கவே இல்லாத சம்பவமாகிவிடுகிறாள். பெரியவர்கள் கூடிச் செய்த காரியத்துக்கு ஒரு பதினாலு வயதுப் பெண்ணின் மூளையில் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறார்கள்.

(இதோடு நிறுத்திக்கொள்கிறேன். கட்டுரையாகிவிடும்.)

7.

டாக்டரை நான் முதலில் வில்லனாக எழுதியிருந்தேன். மாத்திரையையும்தான். "விஷம் போன்ற அந்த வெள்ளை மாத்திரை…" என்று ஒரு வரி. தங்கை அதற்கும் விடவில்லை.

"மாத்திரையைக் கெட்டவனாக்காத. அது இல்லாட்டி இன்னைக்கு உயிரோட இருந்திருக்காத பிள்ளைங்களை எனக்குத் தெரியும். இதைப் படிச்சிட்டு எவளாவது ஒரு அம்மா மாத்திரையை நிறுத்தினா, நீ வந்து உட்காருவியா அந்தப் பிள்ளை பக்கத்துல?"

ஆகவே டாக்டர் ஒரு களைத்துப்போன மனிதர். வராந்தா முடிய வரிசை நிற்கும். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கும். பள்ளி அனுப்பிய தாளில் 'ஆசிரியரைத் தாக்கினாள்' என்று இருந்ததைப் படித்தார், தலையை நிமிர்த்தாமல் மருந்து எழுதினார், அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அம்மா மருந்தை வாங்கிக்கொண்டு நேரே பொம்மை மிஸ்ஸின் வாசலுக்கு வந்து நின்றார். மகள் பின்னால்.

"மிஸ், கொடுக்கட்டுமா வேணாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க போதும்."

சொல்லிவிடலாம்தான். ஆனால் மருந்தைப் பற்றிச் சொல்ல ஆலோசகருக்கு உரிமை இல்லை. இப்போது அந்தப் பெண்ணோடு பேசவே உரிமை இல்லை. பொம்மை மிஸ் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க. எழுதினவர்கிட்டயே கேப்போம்."

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். டாக்டர் எரிச்சலோடு நிமிர்ந்தார்.

"மேடம், உங்களுக்கு இந்தக் கேஸ் இல்லன்னு…"

"தெரியும் டாக்டர். நான் பேச வரல. அவ பேசுவா. நான் கதவுகிட்ட நிக்கறேன்."

டாக்டர் அந்தப் பெண்ணை அப்போதுதான் முகம் பார்த்தார். அவள் சொன்னாள். தோழி, ஈரம், துப்பட்டா, சாரி சார். சொல்லி முடித்ததும் அவர் சிறிது நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு அம்மாவிடம் கை நீட்டி மாத்திரை அட்டையை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"இது இப்ப வேணாம்மா."

அம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் வெளியே போனதும் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், கண்காணிப்பாளர்கிட்ட என்னை இழுத்துவிட்றாதீங்க. எனக்கு ரெண்டு வருஷத்துல ஓய்வு."

8.

இழுத்துவிட்டது கண்காணிப்பாளரேதான். மாத்திரை நிறுத்தப்பட்டது காதுக்கு எட்டியதும் தலைமையாசிரியையை வரவழைத்து, பொம்மை மிஸ், டாக்டர் எல்லாரையும் உட்காரவைத்து, இதற்கு இன்றே ஒரு முடிவு கட்டிவிடலாம் என்றார். அம்மாவும் மகளும் வெளியே பெஞ்சில்.

தலைமையாசிரியை நிதானமாகக் கேட்டார்: "அந்த வகுப்புல அத்தனை பிள்ளைங்க இருந்தாங்க. இவ ஒருத்திக்கு மட்டும் ஏன் அப்படிக் கோபம் வரணும்?"

"அதேதான் என் கேள்வியும்" என்றார் பொம்மை மிஸ். "மத்தவங்களுக்கு ஏன் வரல? உங்களுக்கு ஏன் வரல?"

கண்காணிப்பாளர் டாக்டர் பக்கம் திரும்பினார். "நீங்கதான் டாக்டர். நீங்க சொல்றதுதான் செல்லும். நோயா, இல்லையா?"

9.

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் கிடைத்தன. டாக்டர் துணிந்து பேசுகிறார், தகரக்கூரை வகுப்பு மூடப்படுகிறது. இதை எழுதும்போது நன்றாக இருந்தது, படிக்கும்போது நம்ப முடியவில்லை. அல்லது டாக்டர் தலையாட்டுகிறார், அந்தப் பெண் மருந்தோடு வேறு பள்ளிக்குப் போய் அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள், எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். இதில்தான் எனக்குப் பயம். மூன்றாவதில் அவள் வளர்ந்து பெரிய…

"முடிவு எழுதாத" என்றாள் தங்கை.

"ஏன்?"

"அவளுக்குப் பதினாலு வயசு."

அதற்குமேல் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஆகவே அந்தப் பெண் என்ன ஆனாள் என்று இந்தக் கதையில் எங்கேயும் வராது. அவளுக்கு முடிவு கட்டும் வேலையை ஏற்கனவே நிறையப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வேறு எதற்கு?

ஆனால் டாக்டருக்கு வயதாகிவிட்டது. அவருக்கு முடிவு எழுதலாம். அதை நான் உங்களிடம் விடுகிறேன். கைகழுவுவதாக நினைக்காதீர்கள். அவரைப் போல ஓர் அறையில், எல்லாரும் தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, வேலையையும் வீட்டையும் நினைத்துக்கொண்டு நீங்களும் ஒரு நாள் உட்கார்ந்திருப்பீர்கள். அல்லது ஏற்கனவே உட்கார்ந்து எழுந்து வந்திருப்பீர்கள்.

கண்காணிப்பாளர் காத்திருக்கிறார். தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பொம்மை மிஸ் யாரையும் பார்க்கவில்லை. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்கிறார்:

"அந்தப் பொண்ணுக்கு