தரைப்பலகைக்குக் கீழே ஓர் இருமல்

டொலறஸ் காலையில் வேலைக்கு வந்தபோது ஹென்னி சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பிரிக்காத கடிதம், நெதர்லாந்து முத்திரையோடு.

"நீ அங்கே இருந்தவள்தானே? வாசித்துச் சொல். எனக்கு அந்த மொழி மறந்துவிட்டது" என்றார் ஆங்கிலத்தில்.

யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிய டொலறஸ், லண்டனுக்கு வருமுன் பதின்மூன்று வருடம் நெதர்லாந்தின் உத்ரெக்டில் இருந்தவள். எண்பத்தாறு வயதான இந்த யூதப் பெண்மணியைக் காலையில் வந்து பராமரிப்பது அவள் வேலை.

பிரிக்குமுன் ஹென்னி தானாகவே சொல்லத் தொடங்கினார். பெற்றோரை நாஜிகள் பிடித்துப் போனபின், ஆறு வயது ஹென்னியை ஒளித்து வைத்திருந்தவர் க்ரீட் என்ற பண்ணைக்காரி. ஒருநாள் சிப்பாய்கள் சோதனைக்கு வந்தார்கள். தரைப்பலகைக்குக் கீழே கிடந்தவருக்கு அடக்க முடியாமல் இருமல் வந்துவிட்டது. மேலே பூட்ஸ் சத்தம் நின்றது. ஹென்னி காதைப் பொத்திக்கொண்டார். பிறகு பலகையைத் தூக்கியவர் பக்கத்து வீட்டுக்காரர். க்ரீட்டைக் காணவில்லை. அன்றே ஹென்னியை வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்ததும் லண்டன் மாமா கூப்பிட்டுக்கொண்டார்.

"என் இருமலால் க்ரீட்டைக் கொன்றுவிட்டார்கள். அதனால்தான் நான் விசாரிக்கவே இல்லை. இப்போது என் மகள் அந்தக் குடும்பத்தைத் தேடி எழுதியிருக்கிறாள். இது அதற்குப் பதில்."

டொலறஸ் கடிதத்தைப் பிரித்தாள். எழுதியவர் க்ரீட்டின் மகன் பீட்டர்.

"நீ இருமியதும் நானும் இருமத் தொடங்கினேன். தொண்டை கிழிய இருமினேன். காசநோய் என்றார் அம்மா. சிப்பாய்கள் விழுந்தடித்து வெளியேறினார்கள். அம்மா உடனே உனக்கு வேறு இடம் தேட சைக்கிளில் போனார். திரும்பி வந்தபோது நீ போய்விட்டிருந்தாய். அம்மா தொண்ணூற்றிரண்டு வயதில், படுக்கையில்தான் இறந்தார்."

"மறுபடி வாசி" என்றார் ஹென்னி. மூன்று தடவை வாசித்தாள். கடைசித் தடவை ஹென்னி மேசையில் தலையைச் சாய்த்து, தோள் குலுங்க அழுதார். பிறகு நிமிர்ந்து மூக்கைத் துடைத்துவிட்டு, பசிக்கிறது என்றார்.

டொலறஸ் தன்னுடன் வேலை செய்யும் றொசாந்திக்குப் போன் எடுத்தாள்.

"அடுத்ததா நான் போகவேண்டிய நோர்பரி வீட்டுக்கு எனக்குப் பதிலா ஒருக்காப் போவீரோ? என்னால இப்ப போக ஏலாது."

"ஏனக்கா, ஆருக்கும் ஏதும் நடந்ததோ?"

"ஓம், நல்லதுதான் நடந்தது. பிறகு சொல்லுறன்."

கடிதத்தின் அடியில் தொலைபேசி இலக்கம் இருந்தது. டொலறஸ் அழைத்தபோது பீட்டரே எடுத்தார். ஹென்னிக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். இரண்டு மகள்கள், ஐந்து பேரப்பிள்ளைகள் என்றாள் டொலறஸ். மறுமுனையில் கிழவர் யாரையோ கூப்பிட்டுச் சத்தம் போட்டார்.

"என்ன கத்துகிறார்?" என்றார் ஹென்னி பதறி.

"மனைவியை உடனே கேக் வாங்கி வரச் சொல்கிறார்."