அப்பா இறுக்கிக் கொடுத்த வண்டி

நான் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. இரவு முழுக்க இறால் கம்பெனியில் நின்றுவிட்டு வருகிறவள் பகலில் தூங்கினால் எங்கள் வீட்டில் அதற்குத் தூக்கம் என்று பெயர் கிடையாது. சோம்பேறித்தனம் என்று பெயர். நான் கண்ணை மூடியதும் என் பொருள்கள் எல்லாம் பொதுச் சொத்தாகிவிடும். என் செருப்பைப் போட்டுக்கொண்டு அம்மா கோயிலுக்குப் போவாள். என் சார்ஜர் கீழே அப்பாவின் மளிகைக் கடைக்குப் போய்விடும். அதையெல்லாம் விட்டுவிட்டேன். சைக்கிளைத் தொட்டதைத்தான் விட முடியவில்லை.

அது மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள். அலுமினிய உடம்பு, முன்னால் ஒரு ஷாக், நடுவில் பின்சக்கரத்துக்கென்று இன்னொரு ஷாக். அந்த வகையில் இருப்பதிலேயே விலை குறைந்தது. புதிதாகப் பழகுகிறவர்களும் ஓட்டலாம், பழகியவர்களும் ஓட்டலாம் என்று கடையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் பழகியவள் இல்லை. இன்ஜினியரிங்கை இரண்டாம் வருடத்தில் பாதியில் விட்டவள், ஐஸ் தண்ணீரில் கை விறைக்க இறாலை ரகம் பிரிக்கிறவள். ஆனாலும் அந்த வண்டி என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்ததும் உப்பளத்து வரப்புகளில் ஏறிப் போவேன். லாரிகள் கிழித்துப் போட்ட துறைமுகச் சாலையில், பள்ளம் பார்க்காமல் போவேன். பின்சக்கரம் குழிக்குள் இறங்கி ஏறும், என் இடுப்புக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஒரு மணி நேரம் யாரும் என்னை எதுவும் சொல்ல முடியாது.

அதை விற்ற அபிலாஷ், நாசரேத்துக்காரர், எட்டயபுரம் ரோட்டில் கடை வைத்திருக்கிறார். வெளியூரிலிருந்து வருகிறவர்களைத் தேரிக்காட்டுச் செம்மணலுக்குச் சைக்கிளில் கூட்டிப்போகும் வேலையைப் புதிதாகத் தொடங்கியிருந்தார். பெண்களும் வருவதால் முன்னால் ஓட்டிப்போய் வழிகாட்ட ஒரு பெண் வேண்டும் என்றார். பகல் வேலை, மாதச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை சொந்த வண்டியில் ஒரு குழுவைக் கூட்டிப்போய்க் காட்டு, சரியாக இருந்தால் சேர்ந்துகொள் என்றார். என்னோடு போட்டிக்குத் திருச்செந்தூரிலிருந்து ஒருத்தி வருவதாகவும் மறைக்காமல் சொன்னார். நான் மூன்று ஞாயிறு தேரிக்குப் போய் வழி படித்தேன். எந்த இடத்தில் மணல் காலை இழுக்கும், எந்த உடைமரத்து முள் டயரில் ஏறும் என்று படித்தேன். கல்லூரியில் எதையும் அப்படிப் படித்ததில்லை.

அப்பாவிடமும் சொன்னேன். ஊர் சுத்துறதுக்குச் சம்பளமா என்று கேட்டுவிட்டுத் துவரம்பருப்பு நிறுக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் எழுந்து கீழே வந்தேன். கடை வாசலில் என் வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றது. அதற்கு ஸ்டாண்டே கிடையாது. பின்னால் அரிசி மூட்டை வைக்கிற அகலத்துக்கு ஒரு கேரியர். அதற்கும் கீழே, வண்டியின் நடு உடம்பிலிருந்து பின்சக்கரத்தைத் தாங்குகிற கை வரைக்கும் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை. அலுமினியத்தில் ஓட்டை போட்டு, போல்ட் இறக்கி, திருடன் கழற்றக்கூடாது என்று நட்டின் மேல் வெல்டிங்கும் வைத்திருந்தார்கள். ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் தொங்கியது.

அப்பா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"கடக்காரன் ஒன்ன நல்லா ஏமாத்திருக்கான்ளா. பின்னாடி ஒரே ஆட்டம். உக்காந்தா கீழ போவுது, எந்திரிச்சா மேல வருது. பட்டறை ராஜபாண்டிட்ட கொண்டுபோய் இறுக்கிட்டேன். இனி அசையாது."

"அது அசையத்தான்பா செய்யணும்."

"அசையுறதுக்கு அதென்ன தொட்டிலா?"

சாமான் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள்.

எங்கள் கடைக்காரக் கூட்டத்தில் இது வழக்கம். புது சைக்கிள் வாங்கினால் அன்றைக்கே பட்டறைக்குப் போகும். பெரிய கேரியர், ரெட்டை ஸ்டாண்டு, தாங்குவதற்குப் பட்டை. அது ஏறாதவரை அதைச் சைக்கிள் என்றே சொல்ல மாட்டார்கள். மூட்டை வைத்தால் ஆடாததுதான் நல்ல வண்டி. அப்பா வாழ்நாள் பூராவும் வண்டியை அந்த ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார். என் வண்டி ஆடியது. அதனால் அது பழுது. பழுதை மகளுக்காகச் சரி செய்துவிட்டார். செய்துவிட்டுச் சும்மா இருந்தாரா, அதுவும் இல்லை. இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தை ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்து, மில்லர்புரத்து வேகத்தடைகளில் எல்லாம் இடித்து வாடிக்கையாளர் வீட்டில் இறக்கிவிட்டு வந்திருக்கிறார்.

நான் குனிந்து பார்த்தேன். இடது பக்கத்து ஓட்டையிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. அமுங்க வேண்டியதை அமுங்க விடாமல் கட்டினால் அந்த இடியெல்லாம் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். ஓட்டை போட்ட இடத்தில் போய் நின்றிருக்கிறது.

என்ன கத்தினேன் என்று எழுதுவதற்கில்லை. அம்மா இசக்கியம்மாள் மேலேயிருந்து இறங்கி வந்து, நல்லதுக்குத்தானே செஞ்சாங்க, தெருவில் நின்று சத்தம் போடாதே என்றாள். கெட்டதுக்குச் செய்திருந்தால் திருப்பி அடித்திருக்கலாம்.

சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு அபிலாஷ் கடைக்குப் போனேன். அவர் விரிசலைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கினார் என்பது தெரிந்தது. ஓட்டை போட்டுவிட்டதால் கம்பெனி மாற்றித் தராது, பின்பக்கத்துக் கை தனியாக வரவழைக்க நாளாகும், கடை வண்டிகள் எல்லாம் நாளைக்கு வருகிறவர்களுக்குப் போய்விட்டன என்றார். போல்ட்டை அறுத்துப் பட்டையைக் கழற்றவா என்று கேட்டேன். இப்போது அந்தப் பட்டைதான் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது, கழற்றினால் உட்காரும்போதே போய்விடும் என்றார். அப்புறம்தான் அதைச் சொன்னார். வீட்டில் கொஞ்சம் எடுத்துச் சொல்லி வைத்திருக்கலாமே அனுசியா என்றார்.

பட்டையோடேயே ஓட்டிக்கொள்கிறேன், காலையில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை குட்டியானை வேனில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு தேரிக்குப் போனோம். கேரியரை மட்டும் அறுத்து எடுத்திருந்தேன், பட்டையை விட்டுவிட்டேன். மதுரையிலிருந்து வந்த குழு. அதில் ஒரு அம்மாள், இவ்வளவு பெரிய கவசமா என்று பட்டையைக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்றேன். அபிலாஷ் கடைசியில் வந்தார். நான் முன்னால்.

முதல் பாதி நன்றாகப் போனது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மணல் இளகும் இடங்களில் முன்கூட்டியே கையைத் தூக்கி நிறுத்தினேன், இறங்கித் தள்ளச் சொன்னேன், முள் கிடந்த பக்கம் யாரையும் விடவில்லை. பின்சக்கரம் கல்லில் ஏறும்போதெல்லாம் அடி நேராக முதுகெலும்புக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். யாருக்கும் தெரியவில்லை. அபிலாஷ் ஒரு தடவை பக்கத்தில் வந்து, நல்லாப் போகுது என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனார்.

உடைமரங்கள் தாண்டி ஒரு சரிவு. நான் மூன்று ஞாயிறும் இறங்கிய சரிவுதான். பாதியில் ஒரு சத்தம், தேங்காய் ஓடு உடைகிற மாதிரி. பின்பக்கம் இடது பக்கமாக மடங்கியது. நான் செம்மணலில் முகம் குப்புற விழுந்தேன். பின்னால் வந்த அம்மாள் என் மேல் ஏற்றாமல் இருக்க ஹேண்டிலை ஒடித்து, அவரும் விழுந்தார். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. ரத்தத்தைப் பார்த்ததும் அவர் கணவர் கத்தத் தொடங்கினார்.

மடங்கிய வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மீதி வழி முன்னால் நடந்தேன். வழி மாறவில்லை. ஒருவரும் காணாமல் போகவில்லை. அது எதுவும் கணக்கில் வரவில்லை. குட்டியானைக்கு வந்ததும் அபிலாஷ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உன் ஓட்டத்தில் குறை இல்லை, ஆனால் வழிகாட்டுகிறவளின் வண்டியே ஒடிந்தது என்று இவர்கள் ஊரெல்லாம் சொல்வார்கள், திருச்செந்தூர்க்காரியைத்தான் எடுக்க முடியும் என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அதனால் கோபம் முழுவதும் அப்படியே மீதி இருந்தது.

மத்தியானம் கடையில் நல்ல கூட்டம். ஞாயிற்றுக்கிழமை கறிக் குழம்புக்கு மசாலாச் சாமான் வாங்குகிற கூட்டம். நான் வண்டியைத் தோளிலிருந்து அவர்கள் நடுவில் போட்டேன். அப்பா கல்லாவை விட்டு வந்து குனிந்தார். முதலில் பட்டையைத்தான் தடவிப் பார்த்தார்.

"பட்டை ஒடயலயே."

"பட்டை நல்லாத்தான் இருக்கு. வண்டிதான் ரெண்டாப் போச்சு."

"அலுமினியம் சோத்துப் பானைக்குத்தான் ஆவும்னு நா அப்பவே சொன்னேன்." இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. மிளகு வாங்க நின்ற ஞானபாக்கியம் டீச்சரிடம் சொன்னார். டீச்சர் தலையாட்டினார்.

"வேல போச்சுப்பா" என்றேன். "ஊர் சுத்துறதுக்குச் சம்பளம்னு சொன்னீங்களே, அந்த வேல."

"மெல்லப் பேசு. யாவாரம் நடக்கு."

"நடக்கட்டும். எல்லாரும் கேக்கட்டும். டீச்சர், நான் ராத்திரி பூரா நின்னு வாங்குன வண்டிய, நான் தூங்குற நேரம் பாத்துத் தூக்கிட்டுப் போயி ஓட்ட போட்டது ஒங்க அண்ணாச்சி. ஒரு வார்த்த எழுப்பிக் கேக்கல."

அப்பாவின் காது மடல் சிவந்தது. என்னைத் தவிரத் தெருவில் யாரும் அவரிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை. இருபது வருடமாக அண்ணாச்சி. அவர் என்னைப் பார்த்தார். எதையோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். தப்புத்தான்ளா என்று ஒரு சொல் வந்தால் போதும் என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ராஜபாண்டி நம்பரை அழுத்தி, எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டார்.

"இப்ப என்ன, ராஜபாண்டிய வரச் சொல்லுதேன். ஒட்டிருவான். இதுக்கு மேல இன்னொரு பட்டை வச்சு இறுக்கிட்டா…"

நான் போனைப் பிடுங்கினேன். பக்கத்தில் வாய் திறந்திருந்த உளுந்து மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, அதை அடியில் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன்.

மூட்டைக்குள் மணி அடித்தது. பிறகு நின்றது.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றது மூட்டை.

அப்பா ஒரு அடி எடுத்து வைத்தார். நான் மூட்டைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"அண்ணாச்சி? கேக்குதா?"