தகரக் கதவில் கரண்ட்

மாணிக்கராஜின் வான்கோழி காணாமல் போனது பட்டப்பகலில். கோலார் தங்கச் சுரங்கத்துக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் இப்போதெல்லாம் திருட்டுக்குப் பகல்தான் தோது. விடிவதற்குள் பாதி ஜனம் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடும். மிச்சம் இருப்பது பென்ஷன்காரர்களும் நாய்களும்தான். நாய்களுக்காவது காது கேட்கும்.

வெறும் பறவை என்றால் மனுஷன் இரண்டு நாள் திட்டித் தீர்த்துவிட்டு விட்டிருப்பார். இறந்துபோன மனைவி லூயிசா ஆசையாக வளர்த்த ஜோடி அது. பெட்டை மட்டும் மிஞ்சி, ஆணைத் தேடிக் கொல்லைப்புறமெல்லாம் கத்திக்கொண்டு திரிந்ததை அவரால் தாங்க முடியவில்லை. அவரோ சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். துக்கமும் தெரிந்த தொழிலும் ஒன்று சேர்ந்துகொண்டன. கொல்லைப்புறத் தகரக் கதவுக்கு மெயினிலிருந்து கரண்ட் கொடுத்துவிட்டார். வெளியே கிளம்பும்போது உள்ளே சுவிட்சைப் போட்டுவிட்டு, முன்வாசலைப் பூட்டிக்கொண்டு போவார்.

லைன் முழுக்கச் சொல்லியும் வைத்தார். பக்கத்து வீட்டு ரத்தினம்மாவிடம் இன்னொரு தடவையும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஜெனிட்டா வந்தாள். கோலார் கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறாள். ஒயரைப் பார்த்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா டாடி இது?"

"திருடனுக்கு."

"தொட்டான்னா செத்துடுவான்."

"சாவட்டும். என் வீடு, என் கதவு. என் பொருளைக் காப்பாத்திக்க எனக்கு உரிமை இல்லியா?"

"இருக்கு. தடுக்கலாம், பிடிச்சு வெக்கலாம், நாலு பேரைக் கூப்பிடலாம். கொல்றதுக்கு இல்ல. உங்க உயிருக்கே ஆபத்து, வீட்டுக்கு நெருப்பு வெக்கறான்னா அது வேற கதை. பகல்ல வான்கோழி தூக்கறவனைக் கொல்ல எந்தச் சட்டமும் விடாது. வர்றது யாரு, எதுக்கு வர்றாங்கன்னு இந்த ஒயருக்குத் தெரியுமா? தொட்டது யாரா இருந்தாலும் ஜெயிலுக்குப் போறது நீங்கதான் டாடி."

"எல்லாருக்கும் சொல்லியாச்சு. தெரிஞ்சவங்க தொட மாட்டாங்க."

ஜெனிட்டா அழுதேவிட்டாள். அதற்கும் அவர் மசியவில்லை. லூயிசாவிடம் மட்டும்தான் அவர் மசிவார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மருந்து வாங்கப் பக்கத்து ஊரான ஊரிகம் போயிருந்தார். கடையில் நிற்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கொடியில் காயப்போட்ட துணி ஞாபகம் வந்தது. போனால் போகிறது, ரத்தினம்மா எடுத்து வைத்துவிடுவாள் என்று நினைத்தார்.

நினைத்த மாத்திரத்தில் அவருக்கு உடம்பு விறைத்துப்போனது.

லைன் வீடுகளில் அதுதான் வழக்கம். தூறல் விழுந்தால் வீட்டில் இருப்பவர்கள் இல்லாதவர்களின் துணியை எடுத்து வைப்பார்கள். அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. தகரக் கதவுக்கு மேலே கையை விட்டு, உள்தாழ்ப்பாளை நீக்கி, ஓடிப்போய்க் கொடியை உருவிக்கொண்டு வருவார்கள். எச்சரிக்கையெல்லாம் மூளைக்குத்தான். மழை வந்தால் ரத்தினம்மாவின் கை மூளையைக் கேட்டுக்கொண்டா நிற்கும்?

போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஆட்டோவில் ஏறினார். ஜெபம் சொல்ல வாய் வரவில்லை. "தொடாதம்மா, தொடாதம்மா" என்றே முனகிக்கொண்டு வந்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

பூட்டைத் திறந்து, சுவிட்சை அணைத்து, கொல்லைக்கு ஓடினார். துணிகள் கொட்டுகிற மழையில் அப்படியே தொங்கின. கதவுக்கு அந்தப் பக்கம் ரத்தினம்மா நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் சேலைத் தலைப்பில் சுற்றி மார்போடு அழுத்திக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தாள். கதவைத் திறந்துவிட்டு அவர் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"துணி எல்லாம் நனைஞ்சிடுச்சிண்ணா" என்றாள். அழுதிருந்தாள். "லூயிசாக்கா போர்வையும் தொங்குது. பார்த்துக்கினே நின்னேன்."

"நீ ஏம்மா மழையில நின்னே? உள்ள போயிருக்கலாமே."

"வேற யாராச்சும் வந்து கை வெச்சிட்டா? கோடி வீட்டு மமதா துணி எடுக்க ஓடியாந்தா. நான்தான் வெரட்டினேன். என் கையும் தகரத்துக்கிட்ட போயிடுச்சுண்ணா. அப்போதான் ஜெனிட்டா பாப்பா சொன்னது ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு சுவத்துக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டுச்சே. நான் போனா போவுது, எனக்கு வயசாச்சு. நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா அங்க உங்களைப் பார்த்துக்க யாரு இருக்காங்க?"

மாணிக்கராஜ் அந்த மழையிலேயே கதவடியில் குந்தி, ஒயரைப் பிடுங்க ஆரம்பித்தார். சுவிட்சை அணைத்தாயிற்று என்று எத்தனை தடவை சொல்லியும் அவள் நகரவில்லை. "பார்த்துண்ணா, பார்த்து" என்று சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.