நிறம் போன தண்ணீர்

தொட்டித் தண்ணீர் வெளுத்ததுதான் தாமதம், வல்லரசு வந்து நின்றுவிட்டார். காலையில் காவிச் சாயக் கழிவாக இருந்த தண்ணீர், புற ஊதா விளக்கும் பெராக்சைடும் சேர்ந்து வேலை செய்ததில் மத்தியானத்துக்குள் அடித்தரை தெரியும்படி ஆகியிருந்தது. விளக்கை அணைத்துவிட்டு நானும் அத்தாவும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வல்லரசு, பௌர்ணமி கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்குக் காவி வேட்டி விற்கும் மொத்த வியாபாரி. அடி அண்ணாமலையில் எங்கள் சாயப் பட்டறை ஓடுவதே அவர் கொடுக்கும் ஆர்டரில்தான். தொட்டி காலியானால்தான் அடுத்த சாயம் போட முடியும்.

"அதான் பளிச்சினு ஆயிடுச்சே. தொறந்து உடுங்க பாய்," என்றார் அத்தாவிடம். என்னைப் பார்க்கவே இல்லை. கெமிஸ்ட்ரி படித்து, இந்தத் தொட்டியை நின்று கட்டியவள் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கலருதாங்க போயிருக்குது. சாயம் உடைஞ்சு துண்டு துண்டா உள்ளதான் கெடக்குது. அதுவும் அழியணும்னா நாளைக்குக் காலைல வரைக்கும் விளக்கு எரியணும்."

"நாளைக்கா? வெளையாடுறியாம்மா?"

போன வாரம் இதேபோல் வெளுத்த தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துப் பச்சைப்பயறு ஊறவைத்திருந்தேன். கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. எங்கள் வாய்க்கால் போய் முடிகிற இடத்தில்தான் தனம் அக்காவின் கிணறு. அந்தத் தண்ணீரில்தான் அவர்கள் வீட்டில் உலை வைக்கிறார்கள். காவியாகவே போனாலாவது பார்த்து ஒதுங்குவார்கள். இதை நல்ல தண்ணீர் என்று நம்பி மொண்டு குடிப்பார்களே.

"உங்க பொண்ணு பயறு வறுக்கட்டும் பாய். நான் ஆர்டரக் கீழ்பென்னாத்தூர்ல குடுத்துக்கறேன்."

"நூரைன், இந்த ஒரு தடவைம்மா. சீசன் போயிடும்," என்றார் அத்தா. கெஞ்சலாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் தொட்டியின் வால்வை யாரும் திறக்க முடியாதபடி கையால் பிடித்துக்கொண்டேன்.

"குடுத்துக்கங்க சார். இது நாளைக்குத்தான் தொறக்கும்."

அவருடைய வேன் கிளம்பித் தெருமுனை திரும்பியதும் அத்தா கத்தினார். "யாரைக் கேட்டுடி சொன்னே? நாளைலேர்ந்து எல்லாரும் அந்தப் பயறையே தின்னுங்க!"

விளக்கின் ஸ்விட்ச் பக்கம் போனேன். பின்னால் ஏதோ உருளும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அத்தா கையுறையை மாட்டிக்கொண்டு, பெராக்சைடு கேனைத் தூக்கித் தொட்டிக்குள் சாய்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"மொதல்ல கண்ணாடிய போடுடி. கண்ணு போயிடும்," என்று அதட்டினார்.

போட்டுக்கொண்டேன். பிறகு ஸ்விட்சைத் தட்டினேன்.