தராசில் ஏறிய வலி

1952 மார்கழியில், இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், பூரணியின் விரல் வலி முதன்முதலாகத் தராசில் ஏறியது. அரைக்கூடைக் கொழுந்துக்கு முள் நிறைகூடையின் இடத்தில் போய் நின்றது. கணக்கப்பிள்ளை சிவசாமி கொழுந்தைத் தரையில் விரித்த படங்குச் சாக்கில் கொட்டிக் கிளறினார். கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. பூரணியின் முடிச்சு விழுந்த விரல்களைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் பிடிபட்டது. வாதம் கண்ட கை பறித்ததால் கொழுந்தில் வலி இறங்கியிருக்கிறது. மழை நாளில் ஈரத்துக்குக் கழிப்பதுபோல் வலிக்கும் கழித்தார். பூரணிக்கு அன்று அரைநாள் சம்பளம், அதாவது அரைப்பேர்தான் விழுந்தது.

வாதம் எவ்வளவு வேலையைத் தின்கிறது என்று அறியத் தோட்டத்துத் துரை கொழும்பிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்தார். அவர் பூரணியின் வெறுங்கையைத் தட்டில் வைத்து நிறுத்தார், பாதி வேலை நட்டம் என்றார், பங்களாவில் கோழிக்கறி சாப்பிட்டுவிட்டுப் போனார். அளக்க வந்தவரிடம் மருந்து கேட்கலாமா? பதிவேட்டிலிருந்து பூரணியின் பேரை வெட்டத் தீர்மானித்தார்கள். பேர் போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். புருஷன் செத்தபின் அவளுக்கு இருந்ததே அந்தக் காம்பராவும் மகள் மீனம்மாவும்தான்.

அதற்குள் கொழுந்து அரைக்கும் ஸ்டோரிலிருந்து சேதி வந்தது. கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்து ஈரமெல்லாம் போயும் வலி மட்டும் போகவில்லை. பூரணி பறித்த கொழுந்தின் தூள் விழுந்த பெட்டி கனத்தது. கொழும்பில் கனத்துக்குத்தான் விலை. துரைக்கு அன்று முழுக்கச் சிரிப்பு. பேரை வெட்டவில்லை, தராசில் கழிப்பதையும் விடவில்லை.

“எங்கிட்ட வலின்னு கழிக்கிறீங்க, பெட்டியில தேயிலைன்னு போடுறீங்க. இது என்னங்கய்யா ஞாயம்?” என்று பூரணி கேட்டாள்.

“கையில இருக்கிற வரைக்கும்தான் அது ஒன்னோடது, பூரணி,” என்றார் சிவசாமி. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்; இந்த அம்புக்கு மாதச் சம்பளமும் இருந்தது.

வாதக்காரிகளையெல்லாம் உச்சி மலைக்கு அனுப்பினார்கள். அங்கே பனி அதிகம், வலி நன்றாக விளையும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் தைலப் போத்தலைப் பூட்டி வைத்தார்கள். மீனம்மா ஒருமுறை உப்பு வறுத்து ஒத்தடம் கொடுக்க, மறுநாள் தராசு இளைத்தது. இன்னொரு முறை இளைத்தால் காம்பராவைப் பூட்டிவிடுவோம் என்றார்கள். பூரணி அதன்பின் ஒத்தடத்துக்குக் கை நீட்டவில்லை.

1960இல் அவள் விரல்கள் கிள்ளவே முடியாதபடி இறுகிப்போயின. அவளுக்குப் பதிலாகப் பேர் பதிய மீனம்மா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனாள். சிவசாமி அந்த இளம் விரல்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். புதிதாக வருகிறவர்களில் வலியில்லாத கைக்குப் பேர் இல்லை என்பது அப்போது தோட்டத்துச் சட்டம். துரையிடம் கெஞ்சி வருகிற மாரிவரைக்கும் தவணை வாங்கினாள் பூரணி.

அன்றுமுதல் விடியற்காலையில் மகளை மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்கு இழுத்துப் போனாள். பிடிக்க விரல் உதவாததால் மீனம்மாவின் கைகளைக் கக்கத்தில் இடுக்கி, உறைகிற தண்ணீருக்குக் கீழே நீட்டி வைத்தாள். மகள் திமிறி அழுதாள். ஆனாலும் பூரணி இடுக்கியதை விடவில்லை.

“பொறுத்துக்க கண்ணு, சீக்கிரம் வந்துரும்.”

வந்தது. மீனம்மாவின் பேர் பதிந்த அன்று பூரணி மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். அந்தத் தோட்டத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் விரல் முட்டியைத்தான் அமுக்கிப் பார்க்கிறார்கள். பெண் முகம் சுளித்தால் தாம்பூலம் மாற்றிக்கொள்கிறார்கள்.