நீலப் புகை இல்லை

செல்லப்பனுக்கு லாரி என்றால் உயிர். பெண்டாட்டி பிள்ளையெல்லாம் அதற்கு அப்புறம்தான். லாயாங் லாயாங் என்கிற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு அப்போதுதான் புதுசாக டீசல் லாரி வந்திருந்தது. ரப்பர் ஷீட்டுகளை ரயில் ஸ்டேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போவது அவன் வேலை. ரப்பர் விலை அதலபாதாளத்தில் கிடந்த வருஷம் அது. டீசல் மலிவு என்று லாரி வாங்கத் துரைக்குக் காசு இருந்தது. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் ஓடுகிற ஓடையில் கொசு எண்ணெய் அடிக்க மட்டும் காசு இல்லை. முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு வாராவாரம் எண்ணெய் தெளித்த ஆட்களை நிறுத்திவிட்டார்கள். எங்கே போய்ச் சொல்ல இந்த நியாயத்தை!

அடுத்த மழைக்கே குளிர்காய்ச்சல் லயத்துக்குள் புகுந்தது. செல்லப்பனின் மூத்த பையன் மனோகரனைக் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்தது புஷ்பவள்ளி ஒருத்திதான், அப்போதுதான் பேச்சுப் பழகுகிற பிள்ளை. அவளையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அவன் மனைவி காளியம்மா தவியாய்த் தவித்தாள்.

"கணக்கெழுதுற கிராணியார்கிட்டச் சொல்லுங்களேன். ஓடைக்கு எண்ணெய் அடிக்கச் சொல்லுங்க. தெனமும் அவரு மொகத்துல முழிக்கிறவரு நீங்கதானே?"

"நாம சொல்லித்தான் துரை கேக்கப் போறாராக்கும். சும்மா இரு."

அந்த மனுஷனுக்கு எதற்கும் இந்த ஒரு பதில்தான்.

இப்படி இருக்கையில் லாரியில் எஞ்சின் எண்ணெய் குறைய ஆரம்பித்தது. காலையில் எண்ணெய் அளக்கிற கம்பியை இழுத்துப் பார்த்தால் முந்தின நாள் இருந்த அளவு இல்லை. ஊற்றுவான்; மறுபடி குறையும். கிராணியார் மூக்கின்மேல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "என்னப்பா செல்லப்பா, எண்ணெயை லாரி குடிக்குதா, நீ குடிக்கிறியா? எஞ்சின் பிடிச்சுக்கிச்சுன்னா துரை உன்னைத்தான் தோட்டத்தை விட்டுத் துரத்துவாரு" என்றார். செல்லப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளை செத்தபோதுகூட மறுநாள் வேலைக்குப் போனவன் அவன்.

லாரிக்கு அடியில் ராத்திரி முழுக்கச் சாக்கை விரித்துப் போட்டுவைத்தான். விடிந்து பார்த்தால் ஒரு சொட்டுக் கறை இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தான். தண்ணீரில் எண்ணெய் மிதக்கவில்லை. சரி, ஒழுகவில்லை என்றால் எரிய வேண்டும். எஞ்சின் எண்ணெய் எரிந்தால் புகை நீலமாக வரும். மூட்டை ஏற்றி இறக்குகிற அய்யாவு என்கிற பையனைப் பின்னால் புகை பார்க்க உட்காரவைத்தான்.

காலையில் கிளப்பும்போது வெள்ளைப் புகை வந்தது. எஞ்சின் சூடேறியதும் போய்விட்டது. பாரத்தோடு மேட்டில் ஏறும்போது கறுப்பாகக் கக்கியது. அது டீசல் முழுசாக எரியாத புகை, எண்ணெய்ப் புகை இல்லை. கடைசியாக, இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மிதிப்பதை விட்டுவிட்டு ஓடவிட்டு, கீழே வந்ததும் ஒரே மிதியாக மிதித்தான். உள்ளே எண்ணெய் ஏறியிருந்தால் அப்போது குப்பென்று நீலம் வந்தே தீரும்.

"நீலமா வருதாடா?"

"இல்லண்ணே! சுத்தமா இருக்கு!"

செல்லப்பன் லாரியை நிறுத்தி அடியில் புகுந்தான். எண்ணெய் வடித்துவிடுகிற குழாய்த் திருகு ஒன்று அங்கே உண்டு. சுற்றிலும் செம்மண் அப்பிக் கிடந்தது. திருகு மட்டும் துணியால் துடைத்ததுபோல் பளபளத்தது. அடப்பாவி! ஒழுகவும் இல்லை, எரியவும் இல்லை, எவனோ திருடுகிறான்.

வெளியே வந்ததும் அய்யாவின் சட்டையைப் பிடித்தான். பக்கத்தில் ரப்பர் பால் தூக்கிக்கொண்டு போனவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"மாரியாத்தா மேல சத்தியமா நான் தொடலண்ணே!" அய்யாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் திருடுனா, நீலப்பொகை வருதுன்னு சொல்லிட்டுத் தப்பிச்சிருக்க மாட்டனா?"

நியாயமான கேள்விதான். செல்லப்பன் சட்டையை விட்டான். தப்புத்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் லாரியை லயத்தோரம் நிறுத்திவிட்டு, சாப்பிட்டு, பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். தூக்கம் எங்கே வரும்? கொஞ்ச நேரத்தில் லாரிப் பக்கம் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. எழுந்து சத்தம் போடாமல் போனான். லாரிக்கு அடியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் மல்லாந்து கிடந்தாள். கையில் பால் டின். கையும் களவுமாகப் பிடித்தது தன் பெண்டாட்டியை!

காளியம்மா பயப்படவில்லை. டின்னோடு எழுந்தாள். "வந்து பாருங்க" என்று ஓடைக்கு நடந்தாள்.

தண்ணீரில் கறுப்பெண்ணெய் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாய்க் கரையில் ஒதுங்கிக் கிடந்தது. நடுவில் வெறும் தண்ணீர். அதில் கொசுப்புழு லட்சோப லட்சம் நெளிந்தது.

"தெனம் ஊத்துறேன். சாகவே மாட்டேங்குது" என்றாள். "முன்ன தோட்டத்து ஆளுங்க அடிச்ச எண்ணெயும் கறுப்பாத்தானே இருந்திச்சு?"

"அது மண்ணெண்ணெய் கலந்த தண்ணி மாதிரி எண்ணெய்டி. இது கெட்டி, பரவாது. டீசலை ஊத்துனாப் போதும், ஓடை முழுக்கத் தோல் மாதிரி பரவிப் புழுவுக்கு மூச்சு முட்டிப்போயிடும்."

வித்தை தெரிந்த பெருமையில் சொல்லிவிட்டான். காளியம்மாவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. மனோகரன் போனதற்குப் பிறகு அந்த முகத்தை அவன் அப்படிப் பார்த்ததே இல்லை.

"அப்ப அதைக் குடுங்க! ஒரு டின்னு போதுங்க. பிள்ளைக்காகக் குடுங்க."

"டீசலைக் கிராணி அளந்துதான் ஊத்துறாரு. குறைஞ்சா என் தலைதான் உருளும். பாக்கலாம் இரு."

அன்று சாயங்காலமே ஸ்பேனரை எடுத்து அந்தத் திருகை முறுக்கினான். பெண்பிள்ளை கைக்கு ஜென்மத்துக்கும் அசையாதபடி முறுக்கினான். கிராணியாரிடம் போய், "திருகு லூசா இருந்துச்சுங்க, இறுக்கிட்டேன்" என்றான். "கெட்டிக்காரன்யா நீ!" என்று அவர் முதுகில் தட்டினார். தட்டினதில் இவனுக்கு ஒரு சந்தோஷம் வேறு! அந்த வாரம் எண்ணெய் ஒரு சொட்டுக் குறையவில்லை. காளியம்மா ராத்திரியில் பிள்ளையைச் சேலைக்குள் பொதிந்துவைத்துக்கொண்டு கொசுவை விரட்டினாள். டீசல் விஷயமாக மறுபடி கேட்டாள். "பாக்கலாம்னு சொன்னேன்ல?" என்றான்.

மாதம் திரும்புவதற்குள் புஷ்பவள்ளிக்குக் குளிர் கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கொய்னா மருந்தைக் கரைத்துக் கொடுத்தார். குடித்ததெல்லாம் வாந்தியாக வந்துவிட்டது. செல்லப்பன் யாரையும் கேட்காமல் லாரியைக் கிளப்பினான். காளியம்மா பிள்ளையோடு பக்கத்தில் ஏறிக்கொண்டாள். குளுவாங் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பாதி வழியில் காளியம்மா, "மெதுவாவே போங்க" என்றாள். "இனி அவசரம் இல்ல."

குழி வெட்டியது அய்யாவு. யாரும் கூப்பிடவில்லை, அவனே மண்வெட்டியோடு வந்து நின்றான். செல்லப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். "என்னை மன்னிச்சிருடா" என்றான். எதற்கு மன்னிப்பு என்று அய்யாவும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, நாலு பேர் பார்க்கிற இடத்திலேயே, செல்லப்பன் டேங்கில் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி டின் நிறைய டீசல் எடுத்தான். கிராணி பார்த்தால் பார்க்கட்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதேதான். டின்னைக் கொண்டுவந்து காளியம்மா முன்னால் வைத்தான்.

"இந்தா. ஒனக்குத்தான். ஓடையில ஊத்து."

அவள் டின்னைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். கோபம்கூட அந்த முகத்தில் இல்லை.

"இனி எந்தப் பிள்ளைக்குங்க?" என்று கேட்டாள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. அவன் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குத் தனியாக நடந்தான்.