தனுஷாவைக் கண்டுபிடித்தவர்கள்

கல்குடாவில் தனுஷாவுக்குப் போர்த்திய முதல் பொன்னாடை வீட்டுக்கு வந்தும் கழலவில்லை. தாய் மங்கையற்கரசி தேங்காயெண்ணெய் பூசி இழுத்துப் பார்த்தாள், தோல்தான் சிவந்தது. "இனிக் குளிக்கிற எப்பிடி கா?" என்றாள். "போட்டபடிதான்" என்றாள் தனுஷா. அப்படியே குளித்தாள்.

மீன் அடைக்கும் வெள்ளை நுரை றெஜிபோம் பெட்டியில், தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நூலை முறுக்கிக் கட்டி, வில்லால் இழைத்து வாசிப்பவள் அவள். வாவியில் இயந்திரத் தோணி தூரப் போவதுபோல அதிலிருந்து இசை வரும். அதை ஒருவராவது கடைசிவரை இருந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. வாவிக்கரைக் கலை மன்றத் தலைவர் இளையதம்பி அவளைக் கண்டுபிடித்து மேடையேற்றினார். மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை எல்லாம் முறைப்படி நடந்தன. வாசிப்பு மட்டும் நேரமின்மையால் அடுத்த முறைக்குப் போனது. அடுத்த முறை கொழும்பிலிருந்து வந்தவர்கள் அவளைப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். பிறகு ஒரு தூதரகம் கண்டுபிடித்தது. கண்டுபிடிப்புக்கு ஒரு பொன்னாடை. வாசிக்க நேரம் யாரிடமும் இல்லை. வருடங்கள் போகப் போக, தோள் ஜரிகையும் பட்டுமாய்க் காதுவரை உயர்ந்தது. இன்னும் ஒன்று ஏறினால் வில் பிடிக்கும் கை பெட்டியை எட்டாது.

அந்த ஒன்று, மன்றத்தின் மீள்கௌரவிப்பு விழாவில் காத்திருந்தது. "இவவ முதல்ல கண்டுபிடிச்சது நான்தான்" என்று இளையதம்பி பேசிக்கொண்டே இருக்க, சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டது. மண்டபம் காலியானது. பொன்னாடையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு தலைவரும் போனார். தனுஷா பெட்டியை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். ஒலிபெருக்கி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஏறாவூர் ஸாஜித் முகத்தைச் சுளித்தார்.

"என்ன புள்ள இது, பல்லுக் கூசுது."

"நிப்பாட்டவா நானா?"

"சேச்சே, மறுகா என்ன வருதெண்டு பாக்கணும். வாசிங்க."

வயரைக் கையில் பிடித்தபடி கடைசிவரை நின்றார். வாசித்து முடித்ததும் மேலே இருந்த பொன்னாடை தானாகக் கழன்று தரையில் விழுந்தது. இப்போது அது அவருடைய மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு உறை.

சாப்பிட்டுத் திரும்பிய இளையதம்பி, அவள் தோளில் ஒன்று குறைந்திருப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல், கையிடுக்கில் இருந்ததைப் போர்த்திவிட்டார்.

அன்றிலிருந்து அது அப்படித்தான். கடைசிவரை கேட்பவர் ஒருவருக்கு ஒன்று கழலும். கௌரவிப்பவர் ஒருவருக்கு ஒன்று ஏறும். மீன் சந்தையிலும் காத்தான்குடிப் புடவைக்கடை வாசலிலும் அவள் வாசிக்கிறாள். பாதியில் போகிறவரைக் கூப்பிடுவதில்லை. கழன்றவற்றை மங்கையற்கரசி தோய்த்து மன்றத்திடமே கொடுத்துவிடுகிறாள். அவர்களுக்கும் செலவு மிச்சம். மாரி வந்தால் விழாக்கள் குறையும். இந்தக் கிழமை தனுஷாவின் கழுத்துத் தெரிகிறது.